அந்த வீட்டுல ஒருக்காதான் கேப்பாங்க

எடுத்துக்கங்க அம்முணி. கச்சாயந்தான். வெடியால எந்திரிச்சுச் சுட்டது, டப்பாவைத் தொட்டுப் பாருங்க, இன்னும் சூடு இருக்குது. நாட்டுச்சர்க்கரை எங்க மண்டியிலயே எடுத்தது, கலப்படம் கெடையாது. வேண்டாமுங்களா? சேரி, சித்த நேரம் கழிச்சு எடுத்துக்கலாம். டப்பா என்ற மடியிலயே இருக்கட்டும். ஈரோடு தாண்டினா காத்துக்கு நல்லாப் பசிக்கும்.

நீங்க எது வரைக்கும் போறீங்க? தாராபுரமா? பேங்க் வேலையா? நல்லதுங்க. பொட்டப்புள்ளை தனியா பஸ் ஏறி வேலைக்குப் போயிட்டு வர்றது பாக்கவே நல்லா இருக்குது. என்ற மவளும் உங்களைவிட ரெண்டு மூணு வயசுதான் எளையவளா இருப்பா. தரணிகான்னு பேரு. காங்கயத்துல குடுத்திருக்குது. அவளைப் பாக்கத்தான் போறனுங்க. எங்களுக்குக் கவுந்தப்பாடி. காரு இருக்குது, ஆனா எங்கூட்டுக்காரரு இந்தப் பக்கம் ஓட்டறதில்லை. கேட்டா நெஞ்சு தாங்கலைங்கறார். என்ன தாங்கலை? புள்ளை ரெண்டு மாடி வீட்டுல இருக்கறா, வாசல்ல ரெண்டு காரு நிக்குது, தேங்காக் களம் மட்டுமே நாலு ஏக்கரா. இந்த ஆம்பளைங்களுக்கு எப்ப என்ன தோணும்னே சொல்ல முடியறதில்லைங்க. அதான் இன்னைக்கு நான் பஸ்ஸுல கெளம்பிட்டேன்.

காலுக்கடியில இந்தப் பை எடைஞ்சலா இருக்குதுங்களா? இக்கட்ட தள்ளிக்கறேன். எல்லாம் சோறுதான். அரிசிம்பருப்புச் சோறு ஒரு தூக்கு, சந்தவை ஒரு தூக்கு, ஒப்புட்டு இருக்குது, நாட்டுக்கோழி வறுத்து ஒரு தூக்கு கொண்டாரேன். ஒரு புள்ளைக்கா இத்தனைன்னு பாக்கறீங்க. எல்லாருந்தான் கேக்கறாங்க. கண்டக்டர்கூட, என்னக்கா விருந்தான்னு கேட்டார்.

விருந்துதான் எல்லாத்துக்கும் காரணமுங்க. ஹங்கேரின்னு ஒரு தேசம் இருக்குது, தெரியுமுங்களா? எனக்கும் தெரியாது. தரணிகா பதினொண்ணாவது படிக்கையில ஸ்கூல்ல கூப்புட்டுச் சொன்னாங்க. அந்த ஊருப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க பொங்கல் சமயத்துல இங்க வந்து நம்ம வீடுகள்ல ரெண்டு வாரம் தங்குமாம். கோடை லீவுல நம்ம புள்ளைங்க அங்க போயி அவங்க வீடுகள்ல தங்கோணுமாம். எங்கூட்டுக்காரரு அனுப்பலாமுன்னார். நான் வேண்டாம்னேன். வயசுக்கு வந்த புள்ளையை அத்தனை தொலைவு எதுக்குன்னேன். அவர் சிரிச்சுப்போட்டுக் கையெழுத்துப் போட்டுட்டார். நான் வேண்டாம்னா எந்தக் காலத்துல யாரு கேட்டிருக்காங்க? அன்னைக்கு மட்டும் என்ற பேச்சு எடுபட்டிருந்தா, இந்த ஒரு கஷ்டமும் இல்லீங்க.

பொங்கலுக்கு மூணு நாளைக்கு முந்தி அந்தப் புள்ளை வந்தா. ரேகாவாம் பேரு. நம்ம ஊருப் பேராட்டவே இருக்குதுன்னு எங்க வீதியே சிரிச்சுது. பூனைக்கண்ணு, நெடுநெடுன்னு ஒசரம், ஆனா ஒடம்புல சதையே இல்லை. இந்தப் புள்ளையை ரெண்டு வாரத்துல ஒரு சுத்துப் பெருக்க வெச்சு அனுப்பறதுன்னு அன்னைக்கே நெனைச்சுப்போட்டேன்.

நம்ம பக்கத்துல ஒறம்பரைக்குச் சோறு போடறது எப்படின்னு உங்களுக்குச் சொல்லோணுமா. மொத ஒருக்கா போதும்னா அது மரியாதைக்குச் சொல்றது. மறுக்கா போதும்னா கூச்சம். அப்பயும் போடோணும். போடப் போட வேண்டாம் வேண்டாம்னுதான் சொல்லுவாங்க, நம்ம போட்டுக்கிட்டேதான் இருக்கோணும். நெசமாலுமே வயிறு ரொம்பிப்போச்சுன்னா ரெண்டு கையையும் இலை மேல விரிச்சு மூடிக்கிட்டுக் குனிஞ்சுக்குவாங்க. அப்பத்தான் விடறது. அதுக்கு முந்தியே விட்டுட்டா, பாரு, வாயில கேட்டாங்க, மனசுல இல்லைன்னு ஊரெல்லாம் சொல்லிப்போடுவாங்க. எங்கம்மா வீட்டுலயும் அப்படித்தான், வாக்கப்பட்டு வந்த வீட்டுலயும் அப்படித்தான்.

தரணிகா அந்தப் புள்ளைக்கு மொதமொதல்ல சொல்லிக் குடுத்த வார்த்தையே போதும்ங்கறதுதான். இலைக்கு முன்னால உக்காந்து, ஒரு கையை இப்படி நீட்டி, போதும் ஆன்ட்டிங்கும். அட சாமி, வெள்ளைக்காரப் புள்ளை வாயில தமிழு வர்றப்ப எப்படி இருக்கும் சொல்லுங்க. அந்தச் சந்தோஷத்துலயே இன்னொரு ஒப்புட்டை வெச்சு நெய்யை ஊத்துவேன். மறுக்கா போதும்ங்கும். மறுக்கா வெப்பேன். அது இலையைப் பாத்துக்கிட்டே தின்னும். தரணிகாதான், அம்மா விடும்மா, அவ நெசமாத்தான் சொல்றான்னு கத்துவா. உனக்கு என்ன தெரியும், ஒறம்பரையைப் பட்டினி போட்டு அனுப்பச் சொல்றியான்னு அதட்டிப்போட்டேன்.

மாட்டுப்பொங்கலன்னைக்கு வெடியால அந்தப் புள்ளை வாந்தி எடுக்க ஆரம்பிச்சுது. நிக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டோயி குளுக்கோஸ் ஏத்த வேண்டியதாப் போச்சு. ஸ்கூல்ல இருந்து ஸ்டெல்லா மிஸ் வந்தாங்க, அவங்கதான் இந்தப் பயணத்துக்கெல்லாம் பொறுப்பு. மொகத்தை ஒரு மாதிரி வெச்சுக்கிட்டு, ரேகா போதும்னு சொல்லியும் நீங்க நிறுத்தலையாமேன்னாங்க. நான் கேட்டனுங்க, சொன்னா, ஆனா இலையை மூடினாளா? மூடலையே. மூடாத இலையில போடறது என்ன தப்புன்னேன்.

அதுக்கப்புறம் தரணிகா அந்தப் புள்ளைக்கு ரெண்டு கையையும் விரிச்சு மூடச் சொல்லிக் குடுத்தா. பொறகென்ன, உக்காந்து நாலு வாய் தின்னதும் முட்டை மேல கோழி உக்காந்தாப்பல மூடிக்கும். நாங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்போம். அதுவும் சிரிக்கும். ஆனா ஒண்ணுங்க, அது மூடினதுக்கப்புறம் ஒரு பருக்கைகூட நான் வெச்சதில்லை. மூடினா மூடினதுதான். அதுல எங்க வீட்டுல பேச்சு மாறறதே கெடையாது.

அரச்சலூர் வந்துருச்சுங்களா? இன்னும் இல்லையா? சேரி. டப்பாவைத் தொறந்துதான் வெச்சிருக்கறேன். கூச்சப்படாதீங்க.

கோடையில இவங்க பத்துப் பதினஞ்சு புள்ளைங்களும் ஸ்டெல்லா மிஸ்ஸும் கெளம்பினாங்க. பெரிய ஊருல எறங்கி, அங்க இருந்து ரயில்ல எகெர்னு ஒரு ஊராம். ரேகாவோட அம்மா பேரு ஈல்திகோ. பல்லு டாக்டர்கிட்ட வேலை பாக்கறா. மாடியில சின்ன வீடு, ஒரு நாய், இவங்க ரெண்டு பேரு. புருசன் வேற ஒருத்தியோட வேற ஊருல இருக்கறானாம். அதை மொத நாளே என்ற மவகிட்டச் சிரிச்சுக்கிட்டே சொன்னாளாம். அப்படிப்பட்ட வீடுன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா விமானத்தைவிட்டே எறக்கிக் கூட்டியாந்திருப்பேன்.

மொத நாளு ராத்திரிச் சோத்துக்குக் கோழிக் கொழம்பாம். செக்கச்செவேல்னு இருக்குமாம், காரம் துளிகூட இருக்காதாம், பாலாடை ஊத்தி, மாவைக் கிள்ளிப்போட்டு வேக வெச்ச உருண்டையோட குடுப்பாங்களாம். இவளுக்குப் புடிச்சிருந்திருக்குது. ஆனா இன்னும் வேணுமான்னு அந்தம்மா கேக்கறப்ப, நம்ம வளப்பு எங்க போகும், வேண்டாமுங்கன்னிருக்கறா. அவ்வளவுதான். அந்தம்மா சட்டியை மூடி உள்ள கொண்டோயி வெச்சுட்டாளாம். மறுக்கா கேக்கவே இல்லையாம். வெடியால ரொட்டிக்கும் அதே கதை. பொழுதோட சூப்புக்கும் அதே கதை. ஒருக்காதான் கேப்பா, வேண்டாம்னா எடுத்து வெச்சுருவா. என்ற புள்ளை ரூமுக்குள்ள போயி, நான் குடுத்தனுப்பின முறுக்கைத் தின்னுட்டுப் படுத்திருக்கறா. போன்ல அதைக் கேட்டு நான் அழுதனுங்க. எங்கூட்டுல உங்க புள்ளைக்கு நெய்யா ஊத்தினேன், என்ற புள்ளை உங்கூட்டுல முறுக்குத் திங்குதான்னு அந்தம்மாளை ஒரு வார்த்தை கேக்கோணும்னு துடியாத் துடிச்சேன். இங்கிலீசு வரலை. கேட்டு வாங்கித் தின்னுப்போடாத சாமி, மானம் போயிரும்னு மட்டும் இவகிட்டச் சொல்லி வெச்சேன்.

நாலஞ்சு நாள் கழிச்சு அவளே கூப்புட்டா. அம்மா, இன்னைக்கு வேணும்னு சொன்னேம்மா, ரெண்டு தடவை போட்டாங்க, அப்பறம் வேண்டாம்னேன், விட்டுட்டாங்கன்னா. அதைச் சொல்லிச் சிரிக்கறா. சுடுதண்ணிக் கொளம்னு ஊருக்குள்ளயே இருக்குதாம், ஊரே போயி ஊறிக்கிட்டுக் கெடக்குமாம். இவளையும் கூட்டிட்டுப் போயிருக்காங்க. இவளுக்கு அந்தக் குளிக்கற துணி போட்டுக்க இஷ்டமில்லை, வேண்டாம்னிருக்கறா. சேரின்னு ஒரு பெஞ்சைக் காட்டி, எலுமிச்சைத் தண்ணி வாங்கிக் குடுத்து, இவங்க பாட்டுக்குக் குளிக்கப் போயிட்டாங்களாம். எதுக்கு வேண்டாம்னுகூடக் கேக்கலையாம். பாருங்க கொடுமையை. நம்மளா இருந்தா எத்தனை கெஞ்சியிருப்போம், இன்னொரு சுடிதார் குடுத்தாவது தண்ணிக்குள்ள எறக்கியிருப்போம். அனாதையாட்டம் பெஞ்சுல உக்காத்தி வெச்சிருக்காங்க. ஆனா இவ அதையும் சந்தோஷமாத்தான் சொன்னா. "அம்மா, இங்க வேண்டாம்னா விட்டுர்றாங்கம்மா"ன்னா. மறுக்கா மறுக்கா அதையேதான் சொன்னா. அம்மா வருத்தப்படுவாளேன்னு புள்ளை சிரிச்சுச் சமாளிக்கறா பாருங்க. அப்படி மனசு அவளுக்கு.

ரெண்டாவது வாரம் ஸ்டெல்லா மிஸ் போன் பண்ணாங்க. ரேகாவோட அம்மா உங்ககூட வீடியோவுல பேசோணுமாம், நான் தமிழ்ல சொல்றேன்னாங்க. நான் சோத்து வெவகாரமாத்தான் இருக்கும், மன்னிப்புக் கேக்கப் போறாளாக்கும்னு நெனைச்சு நல்ல சீலையைக் கட்டிக்கிட்டு உக்காந்தேன். எங்கூட்டுக்காரரும் பக்கத்துல இருந்தார்.

அதுக்கு முந்தி உங்களுக்கு ஒண்ணு சொல்லோணும். எனக்கு ஒரே அண்ணன், காங்கயத்துல தேங்காப் பருப்பு யாவாரம். அவருக்கு ஒரே பையன், பிரகதீஷ். தரணிகா பொறந்தப்ப பாக்க வந்தவர், தொட்டில்ல கெடந்த புள்ளை கையில ஒரு பவுனைத் திணிச்சு, இது என்ற மருமவள்னு சொல்லிப்போட்டுப் போனார். அன்னையில இருந்து அது முடிஞ்ச பேச்சு. பையன் தங்கமான பையன். பீடி சிகரெட்டு கெடையாது. இவளுக்கு நெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்தே தெரியும்.

இவ அந்த ஈல்திகோகிட்ட அதைச் சொல்லியிருக்கறா. சொன்னதோட விடாம, எனக்கு வேண்டாம்னும் சொல்லியிருக்கறா. வீடியோவுல அந்தம்மா சிரிக்கவே இல்லைங்க. நாயை மடியில இருந்து எறக்கிவிட்டுட்டு நிமிந்து உக்காந்தா. என்னமோ சொன்னா, அதை ஸ்டெல்லா மிஸ் தமிழ்ல சொன்னாங்க. "உங்க பொண்ணு வேண்டாம்னு சொல்றா. அது உங்க காதுக்கு வரோணும்னு நெனைச்சேன். எனக்கு வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லை."

இவ்வளவுதான் அந்தம்மா பேசினது. சோறு போடத் தெரியாதவ எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டா. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. நான் ஸ்டெல்லா மிஸ்கிட்டச் சொன்னேன், நல்லாச் சொல்லுங்க அவளுக்கு, எந்தப் புள்ளைங்க கல்யாணம்னதும் வேணும் வேணும்னு குதிக்கும்? கேட்ட ஒடனே சேரின்னு சொல்ற புள்ளையை ஊரு என்ன சொல்லும்? என்னைக் கேட்டப்ப நானும் வேண்டாம்னுதான் சொன்னேன். வீட்டுக்குப் பின்னால பொடக்காளியில போயி உக்காந்துக்கிட்டு ஒரு நாளெல்லாம் சோறு திங்கலை. எங்கம்மா வந்து கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போச்சு. கட்டி வெச்சாங்க. இப்ப எனக்கு என்ன கொறைஞ்சுபோச்சு? நல்லாத்தான இருக்கறேன். எங்கூட்டுக்காரரு அப்ப எந்திரிச்சு வெளிய போயிட்டார். அவருக்கு அந்தப் பேச்சு எப்பவுமே புடிக்கறதில்லை.

அரச்சலூரா இது? ஆமாங்க. கூட்டம் ஏறுது, நீங்க ஜன்னலோரம் நல்லா நகந்துக்கங்க.

வந்தாளுங்க. வந்து எறங்கின மறுநாளே, நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கறேன், முன்னால வந்து நின்னுக்கிட்டு, "அம்மா, எனக்கு வேண்டாம்"னா. என்ன வேண்டாம், தோசையான்னேன். எனக்குத் தெரியும், ஆனாலும் கேட்டேன். மாமா வீட்டுக் கல்யாணம் வேண்டாம்னா. குரல் ஒசத்தலை, அழுகலை, தண்ணி வேண்டாம்ங்கற மாதிரி சொன்னா. யாரையாச்சும் மனசுல வெச்சிருக்கறயான்னு கேட்டேன். இல்லைன்னா. மச்சான்கிட்ட என்ன கொறைன்னு கேட்டேன். ஒரு கொறையும் இல்லைன்னா. அப்பறம் எதுக்குடீ வேண்டாம்னேன். அதுக்குச் சொல்றா, அங்க யாரும் எதுக்குன்னு கேக்க மாட்டாங்கம்மான்னு. பாத்தீங்களா, ரெண்டே வாரம். பதினாறு வருசம் நான் வளத்ததை ரெண்டு வாரத்துல கலைச்சு அனுப்பிப்போட்டா.

நான் ஒண்ணும் அவசரப்படலீங்க. மொத ஒருக்கா சொல்றது மரியாதைக்குன்னு விட்டுட்டேன். பன்னெண்டாவது பரிட்சை முடிஞ்சு அண்ணன் வந்து கேட்டப்ப, அவர் மூஞ்சிக்கு நேராவே வேண்டாங்க மாமான்னா. கூச்சம், அப்பறம் சேரியாயிரும்னு அண்ணனைச் சமாதானம் பண்ணி அனுப்பினேன். கோயமுத்தூர் வெவசாயக் காலேஜுல சீட்டு வந்துச்சு. அவளுக்கு அதுல அத்தனை ஆசை. அண்ணன் பெரிய மனசு பண்ணி, கட்டிப்போட்டு நானே படிக்க வெக்கறேன்னார். இதுக்கு மேல ஒரு மாமன் என்ன சொல்லுவான்? ஸ்டெல்லா மிஸ் ஒரு நாள் வீட்டுக்கே வந்தாங்க. அவ சொல்றதை ஒருக்கா காது குடுத்துக் கேளுங்கன்னாங்க. கேட்டுக்கிட்டுத்தான இருக்கறேன், அவ சொன்ன ஒண்ணொண்ணையும் உங்களுக்குத் திருப்பிச் சொல்லட்டான்னேன். காபி வேண்டாம்னாங்க. குடிக்க வெச்சுத்தான் அனுப்பினேன்.

பதினெட்டு முடிஞ்சுதான் காரியத்துல எறங்கினமுங்க, சட்டப்படி ஒரு குத்தம் சொல்ல முடியாது. பூ வெக்கற நாளு குறிச்சு ஒறம்பரையெல்லாம் வந்தாச்சு. காங்கயத்துல இருந்து மட்டும் மூணு வேன். புள்ளையைக் கூட்டியாந்து மணையில உக்கார வெச்சோம். வாடாமல்லிப் பூவு நெறத்துல பட்டு. அப்படி ஒரு அழகு. ஒருத்தர்கூடக் குத்தம் சொல்லலை. எங்க நங்கையா, அண்ணன் சம்சாரம், தட்டுல இருந்து மல்லிகையை எடுத்துக்கிட்டு இவ தலையில வெக்க வந்தாங்க.

இவ ரெண்டு கையையும் தூக்கித் தலை மேல விரிச்சு மூடிக்கிட்டா. மூடிக்கிட்டு அப்படியே குனிஞ்சுக்கிட்டா.

யாரோ, பாரு வெக்கத்தைன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நங்கையாளும் பூவைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. அவ கையை எடுக்கலை. வெரலெல்லாம் வெள்ளையாப் போற அளவுக்கு அழுத்திப் புடிச்சிருந்தா. எங்கூட்டுக்காரரு தூணோரமா நின்னுக்கிட்டு என்னையே பாக்கறார். என்னை எதுக்குப் பாக்கோணும்? சபையில அத்தனை பேரு, என்ற அண்ணன் மொகம் கறுத்துக்கிட்டே வருது. நாந்தான் போனேன். கையை நாந்தான் எடுத்துவிட்டேன். முரட்டுத்தனமா இல்லைங்க, மெதுவாத்தான், ஒவ்வொரு வெரலாத்தான். சாமி, கண்ணு, எடுத்துக்க, எல்லாரும் பாக்கறாங்கன்னு காதுல சொல்லிச் சொல்லி எடுத்தேன். எடுத்ததும் ரெண்டு கையும் மடியில விழுந்துருச்சு. அப்பறம் அவ கையைத் தூக்கவே இல்லை. பூ வெச்சாச்சு.

ஏனுங்க, உங்களுக்குக் கண்ணுல தூசு விழுந்துருச்சா? கண்ணாடியைச் சாத்திக்கங்க. இந்த ரோட்டுல லாரி நெறையப் போகும்.

அன்னையில இருந்து அவ எதுக்குமே வேண்டாம்னு சொன்னதில்லைங்க. கல்யாணப் பட்டு எடுக்கப் போனோம், இதா அதான்னா, எதைக் காட்டினாலும் சரிம்மா. தாலிக்கொடி அஞ்சு பவுனா ஏழு பவுனா, சரிம்மா. கல்யாணத்துக்கப்புறம் படிப்பு அடுத்த வருசம் பாத்துக்கலாமுன்னார் அண்ணன், சரிங்க மாமா. அடுத்த வருசமும் அதையே சொன்னார், சரிங்க மாமா. என்ற நங்கையா வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் பெருமை பேசறாங்க, எதுத்து ஒரு வார்த்தை கெடையாது, இந்தக் காலத்துல இப்படி ஒரு மருமவளைப் பாக்க முடியுமான்னு. எனக்கும் பெருமைதானுங்க. வெளியூரு போயி கெட்டுட்டு வந்த புள்ளையைத் திருத்திப்போட்டமேன்னு. மாப்பிள்ளை மட்டும் ஒருக்கா என்னைத் தனியாக் கூப்புட்டு, அத்தை, அவளுக்கு என்ன புடிக்கும்னே எனக்குத் தெரியலைங்கத்தை, எதைக் கேட்டாலும் சரின்னுதான் சொல்றான்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். நல்ல பையங்க அவன். பாவமா இருந்துச்சு.

அந்த ரேகா போன்ல கூப்புட்டுக்கிட்டே இருப்பாளாம். இவ எடுக்கறதில்லை. கல்யாணத்துக்கு ஈல்திகோ ஒரு பார்சல் அனுப்பினா. பிரிச்சுப் பாத்தா செகப்பா மொளகாப்பொடி டப்பா. ஒரு கொழம்புக்குப் போட்டுப் பாத்தேன். காரமே இல்லைங்க, நெறம் மட்டுந்தான். தூக்கி மேல அட்டாலியில போட்டுட்டேன்.

போன தடவை வந்தப்ப நடந்ததை உங்ககிட்டச் சொல்றேன், வேற யார்கிட்டயும் சொன்னதில்லை. நானும் எங்கூட்டுக்காரரும் வந்திருந்தோம். அண்ணன் வீட்டுல எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டாங்க, நாங்க மூணு பேருந்தான். புள்ளை நெம்ப எளைச்சுக் கெடந்தா. பேச்சும் இல்லை. நல்லாருக்கறயான்னா நல்லாருக்கறேன். என்ன பண்றயின்னா ஒண்ணும் இல்லை. சேரி, சோறாச்சும் போடுவோம்னு உக்கார வெச்சேன். அரிசிம்பருப்புச் சோறு. சின்னதுல அதுன்னா உசுரை விடுவா. போட்டேன், தின்னா. இன்னுங்கொஞ்சம் போடட்டான்னேன். சரிம்மா. போட்டேன். தின்னா. மறுக்கா போட்டேன். தின்னா.

எனக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க. நிறுத்த முடியலை. இப்பச் சொல்லுவா, இப்பச் சொல்லுவான்னு போட்டுக்கிட்டே இருக்கறேன். அவ எடது கையைப் பாத்துக்கிட்டே போடறேன். அது மடியில கெடக்குது, அசையவே இல்லை. கோழியை வெச்சேன், ஒப்புட்டை வெச்சேன். அவ மூச்சு வாங்கிக்கிட்டு, கண்ணுல தண்ணி நிக்க, ஒண்ணொண்ணா எடுத்துத் தின்னுக்கிட்டே இருக்கறா. தூக்கு காலியாயிருச்சு. எந்திரிச்சுப் பொடக்காளிக்குப் போனா. அங்க வாந்தி எடுக்கற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நான் வெறுங்கரண்டியை வெச்சுக்கிட்டு நிக்கறேன். மொகத்தைக் கழுவித் தொடைச்சுக்கிட்டு வந்தா. வந்து அதே தட்டுக்கு முன்னால உக்காந்துக்கிட்டா.

எங்கூட்டுக்காரரு அப்பப் போயி காருல உக்காந்தவர்தான். அதோட இந்தப் பக்கம் வர்றதில்லை.

எனக்கு ஒரே ஒரு ஆசைதானுங்க. படிப்பு வேண்டாம், பேரன் பேத்தி மெதுவா வரட்டும். என்ற புள்ளை வாயில ஒருக்கா, போதும்மான்னு வரோணும். கத்தட்டும். கரண்டியைப் புடுங்கி எறியட்டும். அந்தக் கையைத் தூக்கித் தட்டை மூடட்டும், அன்னைக்கு நான் சத்தியமா நிறுத்திப்போடுவேன். அதுக்குத்தான் இத்தனையும் சமைச்சுக் கொண்டுக்கிட்டுப் போறது. போன தடவை ஒரு தூக்கு. இன்னைக்கு மூணு. ஆனா சொல்ல மாட்டாளுங்க. எனக்குத் தெரியும். இதையும் தின்னுருவா.

காங்கயம் வந்துருச்சு பாருங்க. பையைச் சித்த தூக்கிக் குடுக்கறீங்களா? நெம்ப நல்ல புள்ளைங்க நீங்க. இத்தனை நேரம் ஒரு மொகம் சுளிக்காம கேட்டுக்கிட்டு வந்தீங்க. ஆனா ஒரு வாய் திங்கலை பாருங்க. அது எப்படி, வெறும் வாயோடவா அனுப்பறது. இந்தாங்க, கையை நீட்டுங்க.

அட, எதுக்கு ரெண்டு கையையும் விரிச்சு டப்பாவை மூடறீங்க? எனக்குத் தெரியாதா, வெக்கம். கையை எடுங்க அம்முணி. ஒண்ணே ஒண்ணு. எடுங்க, கையை எடுங்க.